தனித்தனிப் பெட்டியா, கட்டிய ரேக்கா, மெமு வண்டியா?
சித்தூர் மாங்கூழ் ஆலை ஒன்றில் ஒரு கம்ப்யூட்டர் விவகாரம்

- நமது சித்தூர் நிருபர்

ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூர் பக்கத்துச் சாலைகளில் போகிறவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். வண்டி நிறையத் தோத்தாபுரி. நம்மவர்கள் வாயில் அது பெங்களூரா, அல்லது கிளிமூக்கு. வெயில் ஏற ஏற அடியில் இருக்கும் காய் கனிந்து நசுங்க ஆரம்பிக்கும். வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் விவசாயிக்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டக் கணக்குதான்.

2025 சீசனில் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. அந்த 4 ரூபாய் விவசாயியின் கைக்கு வர வேண்டுமானால், அவர் எந்த ஆலையில் எத்தனை கிலோ இறக்கினார் என்ற கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். எடை மேடைச் சீட்டு என்பது இப்போது வெறும் துண்டுக் காகிதம் அல்ல.

இப்படிப்பட்ட ஒரு சீசனில், சித்தூருக்கு அருகே ஓர் ஆலையில் ஒரு சனிக்கிழமை மாலை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எடை மேடை, கணக்கு, குளிர் அறை, ஏற்றுமதிக்கான பரிசோதனைச் சாலைக் குறிப்பு எல்லாம் ஒரே இடத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. அந்தச் சேமிப்புப் பெட்டி மூச்சை நிறுத்திக்கொண்டது. சர்வர் விற்றவர் "ஸ்டோரேஜைப் பாருங்கள்" என்றார். ஸ்டோரேஜ் விற்றவர் "ஸ்விட்ச் சரியில்லை" என்றார். ஸ்விட்ச் விற்றவர் ஞாயிற்றுக்கிழமை போனையே எடுக்கவில்லை. இரண்டு இரவுகள் பெட்ரோமாக்ஸ் காலத்தைப் போல நோட்டுப் புத்தகத்தில் எடை எழுதினார்கள். எழுதியதில் பிழை வந்து, அதைத் தீர்க்க இன்னும் பத்து நாள் ஆயிற்று.

ஆலையின் முதலாளி தமிழர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர். அடுத்த சீசனுக்குள் புது ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று இரண்டு கம்பெனிகளை வரவழைத்தார். ஒருவர் 'கன்வெர்ஜ்ட்' என்றார், மற்றவர் 'ஹைப்பர் கன்வெர்ஜ்ட்' என்றார். "சார், ரெண்டு பேரும் ரெண்டு புஸ்தகம் குடுத்துட்டுப் போயிருக்காங்க. எதுல கையெழுத்துப் போடறது? நீங்க நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்கார்றீங்க, சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார். கவுண்டரில் டிக்கெட் கொடுப்பவனுக்குக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருப்பதும் தெரியும் என்பது அவருடைய எண்ணம். எனக்குத் தெரிந்தது ரயில். விசாரித்துப் பார்த்ததில், விஷயம் ரயிலைப் போலத்தான் இருக்கிறது.

எஞ்சின் வேறு, பெட்டி வேறு

பழைய முறையை முதலில் பார்ப்போம். கணக்குப் போடுவது சர்வர். தகவலைச் சேமிப்பது ஸ்டோரேஜ் என்னும் தனிப் பெட்டி. இரண்டையும் இணைப்பது ஸ்விட்ச். எஞ்சின் ஒரு தொழிற்சாலையில், பெட்டி இன்னொன்றில், கப்ளிங் வேறோர் இடத்தில் வாங்கி யார்டில் கோத்து வண்டி ஓட்டுவது மாதிரி. இதில் வசதி உண்டு. கூட்டம் அதிகமானால் பெட்டி மட்டும் சேர்க்கலாம். இழுவை போதாவிட்டால் எஞ்சினை மட்டும் மாற்றலாம். ஆனால் கோக்கிற வேலை தெரிந்த ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டி நின்றால் யார் மேல் தப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆலையில் நடந்தது இதுதான்.

நியாயமாகச் சொன்னால் குற்றம் முழுவதும் முறையினுடையது அல்ல. தனி ஸ்டோரேஜ் பெட்டிகளில் பொதுவாக இரண்டு கன்ட்ரோலர்கள் இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கும். நம் முதலாளி விலை குறைகிறது என்று ஒற்றைக் கன்ட்ரோலர் பெட்டியை வாங்கியிருந்தார். இதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

கட்டிய ரேக்

2009-ம் ஆண்டு சிஸ்கோ, இ.எம்.சி., வி.எம்.வேர் என்ற மூன்று அமெரிக்கக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து 'விபிளாக்' என்ற சரக்கை இறக்கின. மறு ஆண்டு நெட்ஆப் கம்பெனியும் சிஸ்கோவும் சேர்ந்து 'ஃப்ளெக்ஸ்பாட்' கொண்டுவந்தன. இவைதான் கன்வெர்ஜ்ட். உள்ளே இருப்பது அதே சர்வர், அதே ஸ்டோரேஜ், அதே ஸ்விட்ச். ஆனால் எது எதோடு ஒத்துப்போகும் என்று முன்கூட்டியே சோதித்து, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பது வரை தீர்மானித்து, ஒரே பீரோவாகக் கட்டித் தருவார்கள். எஞ்சின் முதல் கார்டு பெட்டி வரை தொழிற்சாலையிலேயே கோத்து அனுப்பிய ரேக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் பெரிய லாபம், பழுது வந்தால் கூப்பிட ஒரே நம்பர். சர்வரும் ஸ்டோரேஜும் உள்ளே தனித்தனியாகவே இருப்பதால், தகவல் பெருகினால் ஸ்டோரேஜை மட்டும் பெருக்கலாம். சங்கடம் என்னவென்றால், இது பெரிய வீட்டுக் கல்யாணம். விலையும் பெரிது, பீரோவும் பெரிது. ஒரு பாகத்தின் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டுமானாலும், கம்பெனி சோதித்துக் கொடுத்த பட்டியலின்படிதான் செய்ய வேண்டும். பட்டியலைத் தாண்டினால் பொறுப்பு நம் தலையில்.

மெமு மாதிரி

திருப்பதி - காட்பாடி மார்க்கத்தில் மெமு வண்டியில் போனவர்கள் கவனித்திருப்பார்கள். அதற்கு முன்னால் தனி எஞ்சின் கிடையாது. இழுவை மோட்டார் வண்டியின் பெட்டிகளிலேயே இருக்கிறது. 2018-ல் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.-பில் உருவான வந்தே பாரத்தும் இதே ஜாதிதான். அதில் பாதிப் பெட்டிகளுக்கு மோட்டார் உண்டு. செகந்திராபாத் - திருப்பதி வந்தே பாரத் 2023 ஏப்ரல் 8-ம் தேதி 8 பெட்டிகளோடு தொடங்கியது. கூட்டம் தாங்காமல் மே மாதமே 16 பெட்டிகள் ஆக்கினார்கள். இழுவையும் இடமும் சேர்ந்தே இரட்டிப்பானது.

ஹைப்பர் கன்வெர்ஜ்ட் என்பது இதுவே. தனி ஸ்டோரேஜ் பெட்டியே கிடையாது. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் டிஸ்க்குகள் இருக்கும். ஒரு சாஃப்ட்வேர் அந்த டிஸ்க்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெரிய கிடங்கு போலக் காட்டும். எழுதும் ஒவ்வொரு தகவலும் குறைந்தது இரண்டு சர்வர்களில் பதிவாகும். ஒன்று செத்தால் மற்றதிலிருந்து வேலை நடக்கும். இன்னும் வேண்டுமானால் இன்னொரு சர்வரை வாங்கிச் செருகினால் ஆயிற்று.

யோசனையின் வேர் கூகிள் கம்பெனியில் இருக்கிறது. விலையுயர்ந்த ஸ்டோரேஜ் பெட்டி வாங்காமல், சாதாரணக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளைக் கோத்தே வேலை செய்யலாம் என்று அவர்கள் 2003-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே அந்த வேலையைச் செய்த மோகித் ஆரோன், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த தீரஜ் பாண்டே, அஜித் சிங் ஆகிய மூவர் 2009-ல் அமெரிக்காவில் தொடங்கியதுதான் நியூட்டானிக்ஸ். மூவரும் நம் நாட்டவர். வி.எம்.வேர் கம்பெனி 2014-ல் 'விசான்' என்று தன் சரக்கைக் கொண்டுவந்தது. இன்னொரு கம்பெனியான சிம்ப்ளிவிட்டியை எச்.பி.இ. 2017-ல் 65 கோடி டாலருக்கு வாங்கியது. காசு கொடுக்காமலும் வழி உண்டு. ஆஸ்திரிய நாட்டு வியன்னாவிலிருந்து வரும் 'பிராக்ஸ்மாக்ஸ்', அதனோடு 'செஃப்' என்ற சாஃப்ட்வேர், இரண்டும் திறந்த மூலம். ஆனால் சாஃப்ட்வேருக்குத்தான் காசு இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் உண்டு.

இரண்டு பேர் சண்டைக்கு மூன்றாவது ஆள்

"ரெண்டு சர்வர் போதாதா? மூணு எதுக்கு விக்கிறான்?" என்று முதலாளி கேட்டார். நல்ல கேள்வி.

அண்ணன் தம்பி இருவர் ஒரு கடையை நடத்துகிறார்கள். இருவரிடமும் ஆளுக்கொரு கணக்குப் புத்தகம். தினமும் பேசி ஒத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். திடீரென்று போன் அறுந்துவிட்டது. அண்ணன், தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தனியாகக் கணக்கு எழுதுகிறான். தம்பியும் அப்படியே எழுதுகிறான். போன் சரியான பிறகு இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. எது நிஜம் என்று சொல்ல யாருமில்லை. கம்ப்யூட்டர்காரர்கள் இதை மூளை பிளந்த நிலை என்கிறார்கள். மூன்றாவது ஆள் ஒருவன் இருந்தால், எந்தப் பக்கம் இருவர் இருக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் எழுதும் உரிமை. மற்றவன் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். பஞ்சாயத்து ஓட்டு மாதிரி. இரண்டே சர்வரில் நடத்தவும் வழி உண்டு. அதற்கும் சாட்சி என்று ஒரு சின்ன மூன்றாவது கம்ப்யூட்டர் வேறெங்காவது இருந்தே ஆக வேண்டும்.

டெராபைட் கணக்கு

விற்பனையாளர் தந்த புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருந்தது '30 டெராபைட்'. மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 10. இங்கேதான் வாசகர்கள் பென்சிலை எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு தகவலும் இரண்டு பிரதி. ஆகவே 30 என்பது 15 ஆகிவிட்டது. ஒரு சர்வர் செத்தால், அதில் இருந்த பிரதிகளை மீதி இரண்டில் மறுபடி எழுத இடம் வேண்டும். மீதி இரண்டில் இருப்பது 20, அதில் இரண்டு பிரதி என்றால் 10. ஆக நிம்மதியாகத் தூங்க வேண்டியவர் நிரப்பக்கூடியது 10 டெராபைட்தான். விளம்பரத்தில் மூன்றில் ஒரு பங்கு! நான்கு சர்வராக வாங்கினால், ஒன்று போனாலும் மீதி 30, அதில் பாதி 15. அதாவது நாலாவது சர்வர் வந்ததும் கிடைப்பது ஒன்றரை மடங்காகிறது. இதை இரண்டு புத்தகங்களும் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. சில சாஃப்ட்வேரில் மூன்று சர்வர் மட்டும் இருந்து ஒன்று விழுந்தால், புதுப் பிரதி எழுத வழியே கிடையாது. பழுது பார்க்கும் வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான். நாலாவது இருந்தால்தான் தானே குணமாகும்.

தகவலைச் சுருக்கி வைப்பதால் இடம் மிச்சமாகும் என்பார்கள். கணக்கு வழக்குக்கு அது உண்மை. கேமராப் படம் ஏற்கனவே சுருக்கப்பட்டது, மேலும் சுருங்காது. அத்தோடு ஒவ்வொரு சர்வரின் மெமரியிலும் ஒரு பங்கை அந்தச் சாஃப்ட்வேரே சாப்பிட்டுவிடும். கார்டுக்கும் டிரைவருக்கும் இடம் விட்டுத்தானே பிரயாணிகளுக்கு ஸீட்?

பெட்டி மட்டும் வேண்டுமென்றால்?

மெமுவின் குறையும் இதற்கு உண்டு. இடம் மட்டும் போதவில்லை என்று ஒரு சாதாரணப் பெட்டியைக் கொண்டுவந்து மெமுவில் கோக்க முடியாது. அதுபோல டிஸ்க் மட்டும் நிறைந்துவிட்டால் பல சமயம் முழுச் சர்வராகவே வாங்க வேண்டியிருக்கும். வேண்டாத பிராசஸருக்கும் காசு, அதன் மேல் வரும் சாஃப்ட்வேர் லைசென்சுக்கும் காசு. பிராசஸரின் கோர் எண்ணிக்கையை வைத்து வசூலிக்கும் கம்பெனிகளின் சாஃப்ட்வேர் உள்ளே ஓடினால், செலவு டிஸ்கோடு நிற்காது.

லைசென்ஸ் விஷயத்தில் நடந்தது பலர் கண்ணைத் திறந்துவிட்டது. 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்கும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா முறையாக்கியது. இரும்பு நம் அறையில் இருந்தாலும், அதை ஓட்டும் சாவி ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டிய பாஸ் ஆகிவிட்டது. முதலாளியிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், ஐந்து ஆண்டு விலையை எழுதி வாங்குங்கள். (இரண்டு கம்பெனிகளும் தந்த தொகையை அச்சில் போடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார்.)

அவருக்கு வந்த ஹைப்பர் புத்தகத்தில், ஆலையின் கேமராப் படங்களை 90 நாள் சேமிப்பதற்கான இடமும் சேர்த்துப் போடப்பட்டிருந்தது. கேட்ட இடத்தில் பாதிக்கு மேல் அதற்குத்தான். இது கரிமூட்டையை ஏ.சி. பெட்டியில் ஏற்றுவது போல. கேமராவுக்கு மலிவான தனிப் பதிவுப் பெட்டி போதும் என்று அதை நீக்கச் சொன்னேன். நீக்கியதும் விலைப்பட்டியல் பாதி மெலிந்தது. விற்பனைப் பிரதிநிதியின் முகமும்தான்.

இரட்டைப் பிரதி காப்பு ஆகாது

இதை வியாபாரிகள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இரண்டு சர்வரில் எழுதுகிறோமே, இனி தனிக் காப்புப் பிரதி எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். தப்பான கணக்கை எழுதினால் அது இரண்டு இடத்திலும் தப்பாகவே பதியும். அழித்தால் இரண்டிலும் அழியும். 2022 நவம்பர் 23-ம் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கயவர்கள் பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நாட்டின் முதல்தர ஆஸ்பத்திரியில் பல நாட்கள் ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள். இந்த மாதிரி தாக்குதலுக்குக் கன்வெர்ஜ்ட், ஹைப்பர் என்ற வித்தியாசம் தெரியாது. தனியாக, நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, வேறு கட்டடத்தில் வைத்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றும்.

வேறு கட்டடம் என்று சொல்லக் காரணம் உண்டு. 2021 நவம்பர் 18-ம் தேதி பெய்த மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடியதை இந்தப் பக்க வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தால் எந்த முறையும் நீந்தாது. எலியும் அப்படித்தான், எந்தக் கம்பெனி ஒயர் என்று பார்த்துக் கடிப்பதில்லை. ஹைப்பர் முறையில் சர்வர்கள் ஓயாமல் தமக்குள் பேசிக்கொண்டிருப்பதால், நடுவில் உள்ள ஸ்விட்சும் 10 கிகாபிட் வேகத்தில், அதுவும் இரண்டாக இருக்க வேண்டும். இங்கே கஞ்சத்தனம் செய்தவர்கள் மூன்று நல்ல சர்வரை வாங்கிவிட்டு ஒரு மட்டமான ஸ்விட்சில் மாட்டுகிறார்கள்.

பெரிய இடத்து விஷயம்

நமது ரயில்வே ரிசர்வேஷன் 1985 நவம்பரில் டில்லியில் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து கேந்திரங்கள். அவற்றை 1999-ல் ஒன்றாக இணைத்த பிறகுதான், திருப்பதிக் கவுண்டரில் உட்கார்ந்து ஹௌராவிலிருந்து டிக்கெட் தர முடிந்தது. நிமிஷத்துக்கு 32,000 டிக்கெட் என்பதை ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயர்த்தப்போவதாக ரயில்வே அமைச்சகம் 2025-ல் அறிவித்தது. அந்த அளவுக்குச் செய்யும் ஏற்பாட்டை ஆலைக்கு உதாரணம் காட்டுவது நியாயமல்ல.

திருமலை தேவஸ்தானத்தின் பிரச்சினை இன்னொரு வகை. 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை ஆன்லைனில் திறக்கும் வேளையில் நாடே ஒரே கதவைத் தட்டும். சற்று நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் சர்வர் வாங்கி வைப்பதைவிட, வாடகைக்கு எடுப்பது மேல். தேவஸ்தானம் 2021-ல் ஜியோ கம்பெனியின் கிளவுட் உதவியோடு தரிசன டோக்கன்களை வழங்கியது. பிரம்மோத்ஸவத்துக்கு ஸ்பெஷல் வண்டி விடுவது போலத்தான்.

ஆலைக்கும் கிளவுட் ஆகாதா என்று கேட்கலாம். கணக்குக்கு ஆகும். எடை மேடைக்கு நான் தயங்குவேன். சாலையில் பள்ளம் தோண்டும்போது கேபிள் அறுந்தால், வாசலில் நிற்கும் டிராக்டருக்கு யார் சீட்டுக் கொடுப்பது?

என் அபிப்பிராயம் கேட்டால்

நூற்றுக்கணக்கில் சர்வர் வைத்திருக்கும் வங்கி, பெரிய ஆஸ்பத்திரி, ராட்சச டேட்டாபேஸ் ஓட்டும் தொழிற்சாலை, இவற்றுக்குக் கன்வெர்ஜ்ட் ரேக்கோ தனித்தனி ஏற்பாடோ இன்றும் பொருந்தும். சேமிப்பு ஒரு வேகத்திலும் கணக்கு வேலை வேறொரு வேகத்திலும் வளரும் இடங்கள் அவை. தனியாகக் கம்ப்யூட்டர் இலாகா வைத்துச் சம்பளம் கொடுக்கவும் அவர்களால் முடியும். நம் ஊர் ஆலை, நகரி பக்கத்து ஜவுளிக்காரர், நூறு படுக்கை ஆஸ்பத்திரி, இவர்களிடம் இருப்பது எல்லா வேலையும் பார்க்கும் ஒரே ஒரு பையன். அவனும் பெங்களூரில் வேலை கிடைத்தால் போய்விடுவான். இவர்களுக்கு மெமுதான் தோது என்று நினைக்கிறேன். ஆனால் மூன்று அல்ல, நான்கு. நாலாவதுக்குப் பணம் இல்லையென்றால், இரட்டைக் கன்ட்ரோலர் உள்ள ஒரு தனி ஸ்டோரேஜும் இரண்டு சர்வரும் வாங்குவது ஒன்றும் கேவலமில்லை. புதுப் பெயர் இல்லை என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம்.

முதலாளி என் பேச்சை முழுக்க ஏற்கவில்லை. நாலு சர்வர் என்றதும் முகம் சுளித்தார். ஆனால் ஒரு காரியம் செய்தார். நிஜமாக நிரப்பக்கூடிய இடம் எவ்வளவு, ஐந்து ஆண்டு லைசென்ஸ் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை இரவு பழுதானால் மாற்றுச் சாமான் சித்தூருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கி எங்கள் கண்ணெதிரே காட்டுவீர்களா என்று நான்கு கேள்விகளை லெட்டர்ஹெட்டில் எழுதி இரண்டு கம்பெனிகளுக்கும் அனுப்பினார். இதை எழுதும் வரை ஒரு கம்பெனியிடமிருந்து பதில் வந்திருக்கிறது. நாலாவது கேள்விக்கு எதிரே அவர்கள் எழுதியிருப்பது: "நேரில் வந்து பேசுகிறோம்."